யார் வீட்டுப் புகை?

எங்கள் அம்பத்தூர் வீட்டுத் திண்ணையில் சென்ற மாதம் ஒரு வழக்கு நடந்தது. வாதி, பிரதிவாதி இருவரும் என் நண்பர்கள்தாம். ஒருவர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறவர். மற்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வடசென்னைக் கரையில் எரிவாயு மின் நிலையம் ஒன்று வரலாமா, கூடாதா என்பது வழக்கு. நீதிபதி நான். கதை எழுதுகிறவனுக்குத் தீர்ப்புச் சொல்லவும் தெரியும் என்று மக்கள் ஏனோ நம்புகிறார்கள்!

விஷயம் புதிதல்ல. மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1965இல் தோன்றி, 1969இல் ஓடத் தொடங்கியது. அத்தகைய ஆலைக்கு அருகே மின் நிலையம் அமைவது, அரிசி ஆலைக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம் கட்டுவது போல. தவிடு வீணாகாது. மணலியில் மிஞ்சிய கனமான எண்ணெயை எரித்தே பேசின் பிரிட்ஜில் 200 மெகாவாட் நிலையம் ஒன்று சுமார் பதினைந்து ஆண்டுகள் நமக்கு மின்சாரம் தந்தது. 1990களின் இறுதியில் எண்ணூரில் திரவ எரிவாயு இறங்குதுறை, அதையொட்டி ஒரு பெரிய மின் நிலையம் என்று திட்டம் போட்டார்கள். 2019இல் இறங்குதுறை மட்டும் வந்தது. 2017இல் மூடப்பட்ட பழைய எண்ணூர் நிலக்கரி நிலையத்தின் இடத்தில் எரிவாயு நிலையம் கட்டலாம் என்ற பேச்சும் எழுந்தது.

“சார், 2012 மின்வெட்டில் என் பட்டறை ஆட்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு வீட்டிலும் உலை கொதிக்க வேண்டாமா?” என்றார் பட்டறைக்காரர். எரிவாயுவில் சாம்பல் இல்லை. கரியமில வாயு நிலக்கரியில் வருவதில் ஏறக்குறைய பாதிதான். சுழலியை விட்டு வெளியேறும் சூட்டிலேயே மறுபடி நீராவி எடுத்து இன்னொரு சுழலியை ஓட்டலாம் என்று விளக்கினார். அத்தனையும் உண்மை.

“பாதி விஷம் அமுதமாகி விடுமா?” என்று கேட்டார் ஆசிரியர். அதுவும் உண்மை.

நான் பட்டறைக்காரர் பக்கம் சாய்ந்திருப்பேன். அப்போதுதான் வாசலில் “மீனு… மீனு…” என்ற குரல் கேட்டது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற அம்மாள். என் நெஞ்சில் பழைய முள் ஒன்று அசைந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததல்லவா? மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வழிந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. சில வாரங்கள் கழித்து இந்த அம்மாள் வந்தபோது, “இது காசிமேட்டு மீனுங்கய்யா, எண்ணெ வாடை இல்லே” என்று கூடையை இறக்கினாள். நான் என்ன செய்தேன்? “இன்றைக்கு வேண்டாம் அம்மா” என்றேன். உள்ளே வந்து மின்விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த விசிறியைச் சுற்ற வைத்த மின்சாரத்தில் ஒரு பங்கு வந்தது அவள் ஊர்ப் பக்கத்திலிருந்துதானே? அதன் காற்று எனக்கு, புகை அவளுக்கு. அது போதாதென்று அவள் கூடையையும் திருப்பி அனுப்பினேன்.

குறைந்த தீமையைத் தேர்ந்தெடுப்பது அறமா என்று நூல்களில் கேட்கிறார்கள். அறமாகவும் இருக்கலாம், தேர்ந்தெடுக்கிறவனே அதைச் சுமந்தால். என் பல்லைப் பிடுங்குவதா, வலியைப் பொறுப்பதா என்று நான் தீர்மானிக்கலாம். அடுத்தவன் பல்லைப் பற்றி நான் தீர்மானித்தால் அதற்குப் பெயர் விவேகமல்ல. அதே நிலையம் அம்பத்தூர் ஏரிக்கரையில் வருவதானால் பட்டறைக்காரர் சம்மதிப்பாரா? நான் சம்மதிப்பேனா? இங்கே கூடாது, அங்கே ஆகலாம் என்றால், அது நியாயமல்ல, வெறும் விலாசம்.

ஆனால் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நம் கை சுத்தமாகிவிடாது. விளக்கை நாம் அணைக்கப் போவதில்லை. எரிவாயு இல்லாத இடத்தில் இன்று நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பலும் அதே எண்ணூரில்தான் விழுகிறது. மறுப்பதற்கும் விலை உண்டு. அந்த விலையையும் அவளே கொடுக்கிறாள்.

ஆகவே நான் சொன்ன தீர்ப்பு இது: மின் நிலையம் என்பது நாம் வாங்கும் கடன். கடன் கொடுப்பவர் யாரோ, அவரை முதலில் கேட்க வேண்டும். காற்றில் என்ன கலக்கிறது என்பதை அவர் மொழியில் அவருக்கு அன்றாடம் சொல்ல வேண்டும். எல்லை மீறினால் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். அதற்காகும் செலவு நம் மின்கட்டணத்தில் ஏறினால் நாம் முணுமுணுக்கக் கூடாது.

இரு நண்பர்களுக்கும் திருப்தி இல்லை. நான் எழுந்து போய் மீன் வாங்கினேன். அன்று திருப்பி அனுப்பியதற்கு வருத்தம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எரிவாயு நிலையத்தைப் பற்றி மட்டும் கேட்டேன். அவள் செதிளைச் சீவிக்கொண்டே பதில் சொன்னாள்.

“கரண்டு எங்களுக்கும்தான் வேணும். ஆனா, எங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமில்லே, ஐயா?”

நான் யோசித்து யோசித்துச் சொன்ன தீர்ப்பை அவள் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள்.