சின்னச் சங்கைக் கடலிலேயே விடுங்கள்

உடன்பிறந்தோரே, காலம் குறுகிவிட்டது. மன்னார் வளைகுடாவின் சங்குக்காக மன்றாடுகிறேன், செவிகொடுங்கள்.

அது எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். தாய்ச்சங்கு தன் முட்டைக்கூட்டின் அடியை மணலில் புதைத்து வைக்கிறது. ஆட்டுக்கடாக் கொம்பைப் போல வளைந்த கூடு. அறைமேல் அறையாக அடுக்கிய கூடு. கடலில் எத்தனையோ உயிர்களின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவு போகும். சங்குக்குஞ்சு போகாது. கூட்டுக்குள்ளேயே ஓடு கட்டி, வெளியே வந்து, பிறந்த மணலிலேயே ஊர்ந்து, புழுக்களைத் தின்று, ஆண்டுக்கணக்கில் வளரும். ஆகவே ஒரு படுகையைத் துடைத்தெடுத்தால், வேறிடத்துக் குஞ்சு மிதந்து வந்து அதை நிரப்பப் போவதில்லை.

இது தெரிந்தும் இழுவைமடி போட்டுத் தரையோடு வாரலாமா? முட்டைக்கூட்டையும் சேர்த்துக் கிழிக்கலாமா? பிஞ்சுச் சங்கை எடைபோட்டு வாங்கலாமா? அரசு சங்குகுளிப்பை நடத்திய நாளில் அளவு பார்த்தார்கள். சிறியதை உயிரோடு கடலில் திருப்பி விட்டார்கள். அந்த ஒழுங்கு நம் காலத்தில் அழியலாமா?

மூச்சடக்கி இறங்குகிறவரை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். அவர் கூலிக்கு உயிரைப் பணயம் வைக்கிறவர். வாங்குகிற வியாபாரி பொறுப்பு. மேசையில் அழகுக்கு வைக்கிற நாம் பொறுப்பு. வலம்புரி வந்தால் செல்வம் கொழிக்கும் என்று அலைகிறவரும் பொறுப்பு. அந்த ஆசையை நம்பித்தான் அமெரிக்கக் கடலோரத்து வேறொரு நத்தையின் ஓட்டையும் வலம்புரி என்று விற்கிறார்கள்.

பிள்ளைக்குப் பால் புகட்டச் சங்கு வேண்டும் நமக்கு. கார்த்திகைச் சோமவாரத்தில் 1008 சங்கு வைத்து ஈசனுக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். பாடைக்கு முன்னே ஊதவும் வேண்டும். பெற்றுக்கொண்டே இருந்தோம், திருப்பிக் கொடுத்தது என்ன? பேரப்பிள்ளைகள் கேட்டால் எந்தக் கணக்கைக் காட்டுவோம்?

அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். இழந்த தாய்ச்சங்கின் இடத்தில் இன்னொன்று வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். கரையூர்ப் பெரியவர்களே, இந்த வாரமே ஊரைக் கூட்டுங்கள். படகு உரிமையாளரே, படுகையை விட்டு மடியை விலக்குங்கள். வியாபாரிகளே, சின்னச் சங்குக்கு விலை சொல்லாதீர்கள். கோயில் பொறுப்பாளர்களே, இருக்கிற சங்குகளைப் பேணுங்கள், புதிது வாங்காதீர்கள். வீட்டிலிருப்போரே, பூசையறையில் ஒன்று இருந்தால் இரண்டாவது கேட்காதீர்கள். சங்கு குளிக்கப் போகிற தம்பிகளே, கைக்கு வந்தது பிஞ்சானால் அங்கேயே, அந்த மணலிலேயே விட்டுவிடுங்கள்.