அவையில் இல்லாத மனிதன்

பாராளுமன்ற விவாத அறிக்கையாகிய ஹன்சாட்டைப் புரட்டிப் பார்ப்போர் அதில் ஒரு மனிதனை அடிக்கடி சந்திப்பர். அவனுக்குப் பெயர் இல்லை. சில வேளை அவன் ஏழை விவசாயி; சில வேளை தோட்டத் தொழிலாளி; சில வேளை கடை வாசலில் வரிசையில் நின்று களைத்த தாய். பொதுவாகச் ‘சாதாரண குடிமகன்’ என்பர். வரவுசெலவுத் திட்டத்தை ஆதரிப்பவரும் அவன் பெயரால் ஆதரிக்கின்றார். எதிர்ப்பவரும் அவன் பெயரால் எதிர்க்கின்றார். ஆயின், அவ்வவையில் வாய்திறக்க உரிமையில்லாதவனும் அவனே. இல்லாத ஒருவனை முன்னிறுத்திப் பேசுதல் அறமாகுமா? ஆகுமெனின் எந்த எல்லைவரை ஆகும்? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். பிறருக்காகப் பேசுதல் பாராளுமன்ற உறுப்பினரின் குற்றமன்று. அதுவே அவரது கடமை. 1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இந்நாட்டிற் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. சொத்தும் கல்வியும் இல்லாதோரின் துன்பமும் சட்டம் இயற்றும் அவையை எட்டுதல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள் எனலாம். எட்மண்ட் பேர்க் 1774 இல் பிரிஸ்டல் நகர வாக்காளர் முன் ஆற்றிய உரையில், பிரதிநிதி வாக்காளரின் கட்டளையைச் சுமந்து செல்லும் தூதுவர் அல்லர். தமது சொந்த நியாயத் தீர்ப்பையும் அவர்களுக்கு அளிக்கக் கடமைப்பட்டவர் என வாதிட்டார். இக்கருத்தை ஏற்பினும் மறுப்பினும் ஒன்று தெளிவு. பிரதிநிதி தம் தீர்ப்பைத் தம்முடையதாகவே கூறல் வேண்டும். அதனைக் குடிமகனின் வாயில் இட்டு, ‘இது அவன் சொல்’ என்னும்போதே சிக்கல் தொடங்குகின்றது.

குடிமகனை அவைக்கு அழைப்பதில் இரு வகை உண்டு. சாட்சியாக அழைத்தல் ஒன்று. அணியாக அழைத்தல் மற்றொன்று. சாட்சி சொல்பவன் தன்னை அழைத்தவரின் வாதத்துக்கே இடையூறாகும் உண்மையொன்றைக் கூறிவிடவும் கூடும். அணியோ ஒருபோதும் இடையூறு செய்யாது. வைத்த இடத்தில் அழகாக இருக்கும். மனிதனை வெறுங் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவனைத் தன்னளவில் நோக்கமுடையவனாகவும் மதித்தல் வேண்டும் என்று ஜெர்மானியத் தத்துவஞானி கான்ற் 1785 இல் எழுதினார். ஒருவனுடைய வறுமையை அவன் அறியாமலே வாதத்துக்குப் பயன்படுத்துதல் அவனைக் கருவியாக்குதலன்றோ? இதனை இனங்காண எளிய உரைகல் ஒன்றுண்டு. எவன் பெயராற் பேசப்படுகின்றதோ அவன், ‘நான் அவ்வாறு கூறவில்லை’ என்று மறுக்க வழி இருக்கின்றதா? இருப்பின் அவன் சாட்சி, இல்லையேல் அணி.

இவ்வுரைகல்லில் நம் நாட்டு வரலாற்றை உரைத்துப் பார்ப்போம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் விவாதிக்கப்பட்ட காலத்தில் அதனை ஆதரித்தோர் மலைநாட்டுச் சிங்களக் குடியானவனின் அச்சத்தை எடுத்துரைத்தனர். எதிர்த்தோர் தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளியின் உரிமையை எடுத்துரைத்தனர். குடியானவனும் ஏழை, தொழிலாளியும் ஏழை. ஓர் ஏழையின் பெயரால் மற்றோர் ஏழையின் உரிமை பறிக்கப்பட்டது. எனினும், 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தெரிவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் அன்று அவையில் இருந்தனர். தொழிலாளியைப் பற்றிக் கூறப்பட்டதை மறுத்துரைக்க நாவுகள் இருந்தன. வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்த 1949 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பின் அந்நாவுகளும் அடங்கின. 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சியிலிருந்து ஒருவரேனும் தெரிவாகவில்லை. 1977 இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றிபெறும்வரை, நியமன உறுப்பினர் இருந்தனரேயன்றி, அத்தொழிலாளரின் வாக்கினால் வந்த குரல் அவையில் ஒலிக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் அவர்களைப் பற்றிய பேச்சுக் குறைந்ததா? இல்லை. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சிய 150,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. அம்மக்களைக் கலந்து அது வகுக்கப்படவில்லை. பேசப்படும் மனிதன் பேச இயலாதவனாகும்போது, அவன் எண்ணாகி விடுகின்றான். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

இதனைப் பிறர் குற்றமாக மட்டும் கொள்ளல் நேர்மையாகாது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமூலத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அரசாங்கத்தில் இணைந்தபின், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டமூலத்துக்கு ஆதரவளித்தார். அவரோடு முரண்பட்டு வெளியேறிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். தமிழர் பெயராற் பேசியோருள்ளேயே மலையகத் தொழிலாளியின் பெயர் இருவேறு வகையாகப் பயன்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

அணியாக வைக்கப்பட்டவன் எழுந்து நடந்த நாளும் ஒன்றுண்டு. 1953 இல் கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடியது. முந்திய ஆண்டிலேயே பெருவெற்றி பெற்றிருந்த பிரதமர் டட்லி சேனநாயக்க ஒக்டோபரிற் பதவி துறந்தார். எவன் பெயரால் ஆட்சி நடந்ததோ அவன் வீதியில் வந்து நின்றபோது, அவன் பெயராற் பேசியோர் கடலில் இருந்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியான பின்பே கேட்கப்பட்ட மறுப்பு அது.

இங்கு ஒரு தடை எழக்கூடும். மறுக்க வல்லவனைப் பற்றி மட்டுமே பேசலாமெனின் குழந்தைக்காகவும், நோயாளிக்காகவும், நாடற்றவனுக்காகவும் எவர் பேசுவர்? தடை நியாயமானதே. பேசற்க என்பது எம் கருத்தன்று; மறுப்புக்கு வழியமைத்துப் பேசுக என்பதே. இங்கிலாந்தின் 1689 ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் வழிவந்த சிறப்புரிமையால், அவையிற் கூறிய சொல்லுக்காக உறுப்பினரை நீதிமன்றுக்கு இழுக்க முடியாது. அஞ்சாது பேச அது தேவையே. ஆனால் அக்கவசம் பேசுபவருக்கே உண்டு, பேசப்படுபவனுக்கு இல்லை. இக்குறையை உணர்ந்த அவுஸ்திரேலியச் செனற் சபை, தன் விவாதத்தில் தம்மைப் பற்றிப் பாதகமாகக் கூறப்பட்டோர் எழுதியனுப்பும் மறுமொழியை ஏற்று அறிக்கையிற் சேர்க்கும் முறையை 1988 இல் வகுத்தது. சிறிய வழிதான், ஆயினும் இல்லாதவனுக்கு அவையில் ஓர் இருக்கை இடுகின்றது.

நம் இலக்கியம் இதனை முன்பே உணர்த்தியது. சிலப்பதிகாரத்திற் கோவலன் பற்றிப் பாண்டியனிடம் பேசியவன் பொற்கொல்லன். கோவலன் பேச அழைக்கப்படவில்லை. ஒருவனைப் பற்றிய சொல்லே அவனுடைய சொல்லாக ஏற்கப்பட்டதால் ஓர் உயிர் போயிற்று. மறுப்பு அவைக்குள் நுழைந்தது கண்ணகியின் சிலம்போடுதான்.

அரசியல்வாதிகளை மட்டும் சாடி இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. மாணவர் கூட்டமொன்றில் விடுதிக் கட்டணம் பற்றிப் பேசுகையில், கிராமத்திலிருந்து வந்து ஒரு வேளை உணவோடு படிக்கும் மாணவனைப் பற்றி யானும் உருக்கமாக எடுத்துரைத்தேன். பலத்த கரகோஷம் எழுந்தது. கூட்டம் கலைந்தபின் நண்பரொருவர் அருகே வந்து, “நீர் சொன்னது என்னைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றார். நான் கூறியதிற் பொய் இல்லை; கோரிக்கையும் நியாயமானதே. ஆயினும் அவருக்கு விடையளிக்க என்னால் இயலவில்லை.

நாளை நம்மிற் சிலர் மேடைகளிலும் அவைகளிலும் அமரக்கூடும். அன்று ஏழையின் பெயரை உச்சரிக்குமுன், அவனிடம் கேட்டோமா என்று நம்மை நாமே வினாவுதல் வேண்டும். கேட்க இயலாதாயின், ‘இது என் கருத்து’ என்று சொல்லும் துணிவேனும் வேண்டும். அவனுக்காகப் பேசும் உரிமை அவன் நம்மை மறுக்கும் உரிமையிலிருந்தே பிறக்கின்றது.