காரணமும் குற்றமும்

மனச்சிதைவு நோய் சில குடிகளிற் பலரைப் பற்றுதல் கண்கூடு. அதன் காரணத்தை அக்குடியினரது மரபணுவில் ஆராய்தல் தகுமோ என்பது ஒரு வினா. கண்ட காரணத்தை அவர்மேற் குற்றமாக ஏற்றுதல் தகுமோ என்பது பிறிதொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினமையால் விளைந்த கேடு பெரிது.

ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ரூடின் 1916-ஆம் ஆண்டில் இந்நோயாளரின் உடன்பிறந்தாரை ஆராய்ந்து, அவருள் நோயுற்றாரைக் கணக்கிட்டு நூல் வெளியிட்டார். கணக்கிடுதல் தீதன்று. ஆயின், இந்நோயாளர் முதலாயினாரை வலிந்து மலடாக்குமாறு ஹிட்லர் ஆட்சியில் 1933-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்திற்கு உரை வரைந்தாருள் அவரும் ஒருவர். குடிவழியிற் காரணம் தேடியவர், அக்குடிவழி அற்றுப்போதலே முறையென்று துணிந்தார்.

இனி, மரபை விடுத்து வளர்ப்பினைப் பற்றினாரும் பழி கூறாதொழிந்திலர். 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்பார், மனச்சிதைவை விளைக்கும் தாய் எனப் பொருள்படும் சொல்லொன்றை வழங்கினார். அதனால், நோயுற்ற மக்களைப் பெற்ற அன்னையர் துன்பத்தின்மேற் பழியும் சுமந்தனர். அப்பழியைத் தளர்த்தியதும் மரபாராய்ச்சியே. 1966-ஆம் ஆண்டில் லியோனார்டு ஹெஸ்டன், இந்நோயுற்ற தாயர் வயிற்றிற் பிறந்து, சின்னாளிற் பிரிந்து, பிறரிடத்து வளர்ந்த 47 பேரை ஆராய்ந்தார். அவருள் 5 பேர் நோயுற்றிருந்தனர். நோயில்லாத் தாயர்க்குப் பிறந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேருள் ஒருவரும் நோயுற்றிலர்.

அற்றேல், மரபினைத் தந்த பெற்றோரே குற்றமுடையராவர் எனின், ஆகார். என்னை? முதலாவது, அக்காரணம் தனித்து நின்று நோயை விளைப்பதன்று. ஸ்காட்லாந்துக் குடும்பமொன்றில் 1, 11 என்னும் எண்ணுடைய குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி அமைந்திருந்தன. அம்மாற்றமுடைய 29 பேருள் மனச்சிதைவுற்றார் 7 பேரே என 2001-இல் வெளியான ஆராய்ச்சி கூறும். வேறு மனநோயுற்றார் பலர்; நோயின்றி வாழ்ந்தாரும் உளர். 2022-இல் 76,755 நோயாளரை உட்கொண்டு வெளியான ஆராய்ச்சி, இந்நோயொடு தொடர்புடைய மரபிடங்கள் 287 எனக் காட்டிற்று. அவை ஒவ்வொன்றும் தருவது சிறிதே. இரண்டாவது, குற்றம் என்பது அறிந்து செய்த செயலின் மேற்று. இன்ன மரபணுவென்று தேர்ந்தெடுத்துத் தம் மகவுக்கு அளித்த பெற்றோர் ஒருவரும் இலர்.

நம்மவருள்ளும், முன்வினைப் பயன் என்று கூறி இந்நோயாளரையும் அவர்தம் இல்லத்தாரையும் விலக்கிவைப்பார் உளர். வினையை அளந்து ஊட்டுவோன் இறைவன். அவ்வளவுகோல் நம் கையில் இல்லை. நம் கையில் உள்ளன மருந்தும் துணையும் இன்சொல்லுமே. தம் குருதியை ஆராய்ச்சிக்கு அளிக்கும் குடும்பத்தார், நோய் தணிக்கும் வழி பிறக்குமென்றே அளிக்கின்றனர். அவ்வாற்றாற் கிடைத்த அறிவைக்கொண்டே அவரோடு மணவினை மறுத்தலும் அவரைப் பழித்தலும் நன்றி கொன்ற செயலாம் என்க.