அரங்கின் பெயர்

1970 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தில், காயம்பட்ட கணுக்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார் மார்கரெட் கோர்ட். பில்லி ஜீன் கிங்கை 14-12, 11-9 என்று வீழ்த்தினார். அந்த ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களும் அவருக்கே. ஒற்றையரில் மொத்தம் 24; இரட்டையர், கலப்பு இரட்டையரையும் சேர்த்தால் 64.

பிறகு கிறிஸ்தவ ஊழியம். கத்தோலிக்கராக வளர்ந்தவர் பெந்தெகொஸ்தே சபைக்கு வந்து, 1995-ல் பெர்த்தில் விக்டரி லைஃப் சென்டர் என்ற சபையைத் தொடங்கினார். 2017-ல் ஒரே பாலினத் திருமணத்தை ஆதரித்த குவான்டாஸ் விமானங்களைத் தவிர்க்கப்போவதாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மெல்போர்னில் அவர் பெயரிலுள்ள அரங்கின் பெயரை மாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. வேதத்தில் உள்ளதைத்தான் சொல்கிறேன் என்பது அவர் பதில்.

சாதித்த கையை மட்டும் கொண்டாடி, பேசும் வாயை ஒதுக்கிவிட முடியுமா? பட்டங்கள் வரலாறு, அவற்றை யாரும் அழிக்க முடியாது. சுவரில் பொறித்த பெயர் வேறு: அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செலுத்தும் மரியாதை. அந்த மரியாதையைத் திரும்பப் பெறலாம் என்பதே நியாயமாகப் படுகிறது. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை நவரத்திலோவாவின் தன்பால் உறவைக் கோர்ட் வெளிப்படையாகக் குறைசொன்னது 1990-ல். அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியதோ 2003-ல். தெரிந்தேதான் சூட்டினார்கள்.

2020-ல், நான்கு பட்டங்களையும் வென்ற அந்த 1970 சாதனையின் பொன்விழா. நினைவுக் கோப்பையை டென்னிஸ் வீரர் ராட் லேவர் கோர்ட்டின் கையில் கொடுத்தார். மைக்கை யாரும் கொடுக்கவில்லை.