திசைவிரதமும் கடல் கடந்த இல்லறமும்

இல்லறத்தார்க்கென நம் ஆசிரியப் பெருமக்கள் வகுத்தருளிய விரதங்கள் பன்னிரண்டு. அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிக்ஷா விரதம் நான்கு என அவை பகுக்கப்படும். கொல்லாமை, பொய்யாமை முதலிய அணுவிரதங்களை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஆனால் குணவிரதங்களுள் முதலாவதாக வைக்கப்பட்ட திசைவிரதத்தை இன்று நினைப்பவர் சிலரே. "இத்திசையில் இந்த இடத்திற்கு அப்பால் செல்லேன்" என்று ஒருவர் தம் வாழ்நாள் முழுமைக்கும் எல்லை வகுத்துக்கொள்வதே அவ்விரதம்.

வந்தவாசி, செஞ்சி, ஆரணி, போளூர் வட்டாரச் சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், கல்வியின் பயனாக முதலில் சென்னைக்கும் பின்னர் பெங்களூருக்கும் குடிபெயர்ந்தனர். அவர்களுள் சிலர் பணி விசா பெற்று, இளம் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் அமெரிக்க நாட்டில் குடியேறியுள்ளனர். எல்லை கடவேன் என்று நோற்பது இல்லறத்தானின் விரதமாயின், கடல் கடந்து செல்லும் இவர்களின் நிலை யாது? இவ்வினாவைச் சற்று ஆழ்ந்து எண்ணுதல் நம் கடமையாகும்.

இதற்கு இருவகை விடைகள் எளிதில் கிடைக்கின்றன. கடல் கடத்தலே குற்றம் என்பர் மூத்தோர் சிலர். வணிகர் கால்நடையாகச் சென்ற காலத்து விரதம் விமானக் காலத்திற்குப் பொருந்தாது என்பர் இளையோர் சிலர். இரு சாராரும் விரதத்தின் உட்பொருளை நோக்கினாரில்லை.

விரதத்தின் உட்பொருள்

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், திசைக்கு எல்லையாகக் கொள்ளத்தக்கவை இவையெனக் கூறுகிறது: புகழ்பெற்ற கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனைத் தொலைவு. கடலும் நாடும் இங்கு எல்லைகளாகவே குறிக்கப்படுகின்றன. இன்ன கடலைத் தாண்டுதல் எவர்க்கும் பாவம் என்று அந்நூல் விதிக்கவில்லை. எல்லையைத் தேர்பவர் விரதம் ஏற்பவரே. அந்நூற் கருத்துகளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பைப் பயின்றோரும் இதனை அறிவர்.

அவ்வாறாயின் எல்லை எதற்கு? நாம் செல்லும் இடமெங்கும் நம் தேவைகளும் செல்கின்றன. உண்ணுதல், உறைதல், ஊர்தி செலுத்துதல், பொருளீட்டுதல் ஆகிய ஒவ்வொன்றிலும் உயிர்கட்கு ஊறு நேர்கிறது. இல்லறத்தானால் இவற்றை முற்றும் விட இயலாது. ஆயினும் தான் வகுத்த எல்லைக்கு அப்பாலுள்ள உலகத்து உயிர்கட்கேனும் தன்னால் சிறு துன்பமும் நேராதபடி அவன் காக்கலாம். அந்த அளவில் அவனுடைய அணுவிரதமும் துறவியின் மகாவிரதத்தை ஒக்கும் என்பது ஆசிரியர் கருத்து. எத்துணை உயர்ந்த நோக்கு!

இவ்விரதத்திற்கு ஏற்படும் அதிசாரங்கள் ஐந்து. மேலே எல்லை கடத்தல், கீழே எல்லை கடத்தல், பக்கங்களில் எல்லை கடத்தல், வகுத்த எல்லையைப் பின்னர் விரித்துக்கொள்ளுதல், எல்லையையே மறந்துவிடுதல் என்பன அவை. இவற்றுள் இறுதி இரண்டுமே இன்று நம்மை மிகுதியும் பற்றுவன. ஐந்து ஆண்டில் திரும்புவோம் எனச் சென்றவர், வீட்டுக்கடன் தீரட்டும் என்பர். அது தீர்ந்தபின், பிள்ளையின் படிப்பு முடியட்டும் என்பர். இது எல்லையை விரித்தல். எதற்காகப் புறப்பட்டோம் என்பதே நினைவில் இல்லாத நாள் வருமாயின், அது எல்லையை மறத்தல்.

பிறர் வகுத்த எல்லை

அயல்நாட்டில் பணிபுரிவோர்க்கு எல்லை இல்லாமல் இல்லை. எச்-1பி என்னும் விசா முதலில் மூன்றாண்டு வரையிலும், நீட்டிப்பால் ஆறாண்டு வரையிலும் தங்க இடமளிப்பது. நிரந்தர வசிப்புரிமை அட்டைக்கு விண்ணப்பித்து வரிசையில் நிற்போர்க்கு மேலும் நீட்டிப்புக் கிடைக்கும். ஆனால் ஆண்டுதோறும் வழங்கப்படும் அட்டைகளுள் ஒரு நாட்டினர்க்கு 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொது விதியாதலின், இந்தியர்க்கு அவ்வரிசை மிக நீண்டது. குழந்தைக்கு 21 வயது நிரம்பினால் பெற்றோரைச் சார்ந்த விசா உரிமை முடிந்துபோகும். வேலை போயின், வேறு வேலையோ வேறு வழியோ தேடக் கிடைக்கும் அவகாசம் 60 நாட்களுக்கு மேற்படாது. புதிய விண்ணப்பங்கள் சிலவற்றுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் என 2025 செப்டம்பரில் திடீரென வந்த அறிவிப்பு எத்தனை இல்லங்களைக் கலங்கச் செய்தது!

இவை யாவும் பிறர் நமக்கு வகுத்த எல்லைகள். விரதம் என்பது நாமே வகுத்துக்கொள்ளும் எல்லை. பிறர் வகுத்த எல்லைக்குள் வாழ்வோன் அச்சத்தால் அடங்குகிறான். தானே வகுத்த எல்லைக்குள் வாழ்வோன் அறிவால் அடங்குகிறான். அயல்நாடு செல்லும் இல்லறத்தார்க்குப் பிறருடைய எல்லை மட்டும் இருந்து, தமக்கென ஓர் எல்லை இல்லாதபோதுதான் அறநெறிக்கு இடையூறு நேர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கணிப்பொறித் துறையில் பணியாற்றும் சிராவகர் ஒருவரிடம், இறைச்சி ஆலை ஒன்றின் வேலைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை எழுதுமாறு நிறுவனம் பணிக்கிறது எனக் கொள்வோம். அவர் கையில் வாளில்லை. எனினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் வினை வந்தடையும் என்பது நம் ஆகமம். தாயகத்தில் இருப்பின் "இது வேண்டா" என்று மறுத்து வேறு பணி தேடுவார். அங்கோ, மறுத்தால் வேலை போகலாம். வேலை போனால் 60 நாள். அதற்குள் வழி பிறவாவிடில் வீடு, குழந்தையின் பள்ளி, மனைவியின் நிலை யாவும் குலையும். முப்பது ஆண்டுத் தவணையில் வீடும், தவணையில் இரண்டு ஊர்திகளும் வாங்கியிருந்தால் அவர் நாவு எழுமோ? அவர் மனச்சான்று அடகு வைக்கப்பட்டுவிட்டது. அதனை அடகு வைத்தது விசா மட்டுமன்று. கடனும் சேர்ந்தே வைத்தது.

அதே மனிதர் ஆறு திங்கள் செலவுக்குரிய பொருளைச் சேர்த்து வைத்து, எளிய வாடகை வீட்டில் கடனின்றி வாழ்ந்திருந்தால், அவரால் மறுக்க இயலும். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் கொல்லாமைக்கு எங்ஙனம் அரணாகிறது என்பதை இங்குக் காண்கிறோம். பொருளுக்கு அளவு வகுத்தவனுக்கே அறத்திற்காகப் பொருளை இழக்கும் துணிவு உண்டாகும்.

பொருளுக்கு அளவு

சமந்தபத்திரர் பொருளளவு விரதத்திற்குரிய குற்றங்களாகக் கூறும் ஐந்தும் வியத்தற்குரியன. அளவு மீறி ஊர்தி விலங்குகளைச் செலுத்துதல், அளவு மீறிச் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியத்தல், பேராசை, அளவு மீறிச் சுமையேற்றுதல் என்பன அவை. பிறர் செல்வம் கண்டு வியத்தலையும் ஒரு குற்றமாக வைத்தது எவ்வளவு நுட்பம்! புதிய நாட்டில் குடியேறும் இளம் தம்பதியர்க்கு முதலில் வந்தடையும் குற்றம் இதுவே. உடன் வந்தவர் வீடு வாங்கினார்; அடுத்த வீட்டார் புதிய கார் வாங்கினார் என்னும் வியப்பு ஆசையாகி, ஆசை கடனாகி, கடன் அடிமைத்தனமாகிறது. முன்னே மாட்டை அளவு மீறி ஓட்டினோம். இன்று இரவு பகல் பாராது நம்மையே அளவு மீறி ஓட்டுகிறோம்.

ஆதலின் புறப்படுமுன்னரே கணவனும் மனைவியும் அமர்ந்து, இவ்வளவு பொருள் போதும் என எண்ணால் வரையறுத்து எழுதிவைத்தல் நன்று. எண்ணில்லாத "போதும்" ஒருநாளும் வாராது.

துணைவியும் பெற்றோரும்

கணவனின் விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் செல்லும் பெண்கள், எத்துணைக் கல்வி கற்றிருப்பினும், பல்லாண்டுகள் அந்நாட்டில் வேலை செய்ய உரிமையின்றி இருந்தனர். 2015-ஆம் ஆண்டில் அவர்களுள் ஒரு பகுதியினர்க்கே அவ்வுரிமை வழங்கப்பட்டது. பட்டம் பெற்ற பெண்ணொருத்தி, உற்றார் எவருமில்லா ஊரில், பனி மூடிய நான்கு சுவர்களுக்குள், கைக்குழந்தையுடன் ஆண்டுக்கணக்கில் வாடுவது உயிர்த்துன்பம் அன்றோ? எறும்பை மிதியாது நடக்கும் நாம் இதனை எண்ண வேண்டாவோ? செல்வதோ தங்குவதோ அவள் முழுமனத்துடன் இசைந்த பின்னரே முடிவு செய்யப்படல் வேண்டும்.

பெற்றோர்பாலும் கடன் உண்டு. விசா மாற்றத்திற்கான விண்ணப்பம் நிலுவையில் உள்ளபோது நாட்டை விட்டு வெளியேறத் தயங்கும் நிலை பலர்க்கு நேர்கிறது. தந்தையின் இறுதி நாட்களில் அருகிலிருந்து பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதவேண்டிய மகன், தொலைபேசியில் ஓதும் நிலை நமக்கு வேண்டா. பணம் அனுப்புதல் வேறு. பணிவிடை செய்தல் வேறு. இன்ன நிலை வரின் எல்லாவற்றையும் விட்டு வருவேன் என்பதும் வகுக்கவேண்டிய எல்லைகளுள் ஒன்று.

புதிய ஊரில் பழைய நோன்பு

இளம் தம்பதியர் பொருள் தேடிப் புதிய நகர் செல்லுதல் நமக்குப் புதிதன்று. இழந்த பொருளை மீண்டும் ஈட்டக் கண்ணகியுடன் புகாரை விட்டு மதுரைக்குப் புறப்பட்டான் கோவலன் எனச் சிலப்பதிகாரம் கூறும். உடன் நடந்த கவுந்தியடிகள், வழியில் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கினால் நேரும் துன்பத்தையும் அவர்கட்கு எடுத்துரைத்தார். மதுரைப் புறஞ்சேரியில் அவர்கட்கு இடமளித்த மாதரி ஆயர்குலத்தவள். சமய நெறியால் வேறானவள். ஆயினும் வந்தவன் சாவக நோன்பி என்பதறிந்து, பகலிலேயே உணவு சமைத்துண்ண வேண்டி, நல்ல கலங்களும் காய்கனியும் அரிசியும் ஆவின் பயனும் தந்தாள். பின்னர் ஊழ்வினை கொண்டு சென்ற வழி நாம் அறிந்ததே. ஆயினும் அறிமுகமில்லாத ஊரில் அத்தம்பதியர் தம் நோன்பை மறைக்கவில்லை. வேற்று நெறியினரும் அதனை மதித்து உதவினர் என்பது நமக்குப் பாடமாகும்.

அமெரிக்காவில் இரவுண்ணாமை நோற்பார்க்குச் சோதனை உண்டு. சிக்காகோவில் டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்னரே கதிர் மறையும். ஜூனில் எட்டரை மணிக்குத்தான் மறையும். அலுவலகம் முடிந்து வருமுன் குளிர்கால இரவு சூழ்ந்துவிடும். பிற்பகல் சிற்றுணவையே அந்நாளின் இறுதி உணவாக்கிக்கொள்ளுதல் ஒரு வழி. கடைப் பொருள்களிலோ, மிட்டாயிலும் மருந்துக் குளிகையின் உறையிலும் விலங்கின் தோலும் எலும்பும் தரும் ஜெலட்டின் இருக்கலாம்; பாலாடைக் கட்டி பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கலாம். உறையின் மேல் அச்சிட்டுள்ளதைப் படித்து வாங்கும் பழக்கமே அங்கு நீரை வடிகட்டிப் பருகும் பழக்கத்திற்கு நிகராகும்.

குழந்தைகள் "ஏன்?" என்று வினவுவர். "நம் வழக்கம்" என்னும் விடை அங்குச் செல்லாது. இளைஞர் காந்தி 1888-இல் இலண்டன் புறப்படுமுன், சமண முனிவர் பேச்சர்ஜி சுவாமியின் முன்னிலையில், ஊனும் மதுவும் மாதரும் தீண்டேன் எனத் தாய்க்கு வாக்களித்தார். சாதியார் கடல் கடத்தலைக் கண்டித்து அவரை விலக்கினர். ஆனால் அவரைக் காத்தது புறப்படுமுன் வகுத்த எல்லையே. தாய்க்காக ஏற்ற புலாலுண்ணாமையை, பின்னர் இலண்டனில் நூல் கற்றுத் தெளிந்து, தமக்கே உரிய கொள்கையாக ஆக்கிக்கொண்டார். நம் குழந்தைகளுக்கும் நல்லொழுக்கத்தோடு நன்ஞானமும் சேர்த்து ஊட்டினாலன்றி வழக்கம் நிலையாது. இதற்கு அங்குள்ள சங்கங்கள் துணைபுரியும். 1981-இல் வட அமெரிக்கச் சமணச் சங்கங்களின் கூட்டமைப்பு தோன்றியது. திகம்பர, சுவேதாம்பரத் திருவுருவங்கள் ஒரே கூரையின்கீழ் எழுந்தருளியுள்ள ஆலயங்கள் அந்நாட்டில் பல உள்ளன. அங்குக் குஜராத்தியும் இந்தியுமே மிகுதி எனினும், நம் தாய்மொழி நூல்களை வீட்டில் ஓதத் தடையொன்றும் இல்லை.

புதுப்பிக்கும் நாள்

வருங்காலத்தை அறியாதபோது எல்லை வகுப்பது எங்ஙனம் எனச் சிலர் ஐயுறலாம். நம் ஆசிரியர்கள் அதற்கும் வழி வைத்துள்ளனர். வாழ்நாள் முழுமைக்கும் வகுத்த திசையெல்லைக்குள்ளே, ஆண்டு, பருவம், திங்கள், பக்கம் எனக் காலம் குறித்து மேலும் சுருக்கிக்கொள்வது தேசாவகாசிகம் என்னும் சிக்ஷா விரதம். பாரதமும் செல்லும் அந்த ஒரு நாடும் என் திசையெல்லை என ஒருவர் வாழ்நாளுக்கும் கொள்ளலாம். அதனுள் மூன்றாண்டு என்று காலம் குறிக்கலாம். காலம் முடிந்தபின், ஆராய்ந்து புதிதாக ஏற்பது குற்றமாகாது. ஆசையின் வழியே அறியாமல் நழுவிச் செல்வதே குற்றம்.

எனவே கடல் கடந்து வாழும் இளம் குடும்பத்தினர்க்கு நாம் கூற விரும்புவது இது. மூன்றாண்டுக்கொருமுறை விசாவைப் புதுப்பிக்கத் தாள்களைத் திரட்டுகிறீர்கள். அந்நாளிலேயே கணவனும் மனைவியும், இயன்றால் பெற்றோரையும் கேட்டு, நீங்கள் வகுத்த எல்லையையும் எடுத்துப் பாருங்கள். பொருள் குறித்த அளவை எட்டிற்றா? தொழில் தூயதா? துணைவி மனமகிழ்வுடன் உள்ளாளா? பெற்றோர் தனித்துள்ளனரா? குழந்தை ஏன் என்பதற்கு விடை அறியுமா? இவற்றுக்குரிய விடைகளைக் கொண்டு தங்குவதையோ திரும்புவதையோ முடிவு செய்யுங்கள். அம்முடிவு எதுவாயினும் அது விரதத்தின் வழிப்பட்டதாகும்.

ஊரிலுள்ள நமக்கும் ஒரு கடமை உண்டு. திரும்பி வருவோரைத் தோற்று வந்தவராக எண்ணி நகைக்கும் வழக்கத்தை விட்டொழிப்போம். "போதும்" என்று உணர்ந்து வந்தவரை நோற்றவராக வரவேற்போம்.

வாழ்க ஜினதர்மம்! வளர்க நல்லறம்!