பொது ஏரியும் தனி மனிதன் வேகமும்



இங்கிலாந்து தேசத்தின் வடமேற்கே, மலைகளின் நடுவில் வின்டர்மியர் என்னும் ஏரி இருக்கிறது. அத்தேசத்து இயற்கை ஏரிகளில் அதுவே பெரியது. நீளம் சுமார் 17 கிலோமீட்டர். பாய்மரப் படகு ஓட்டுவோரும், துடுப்பு வலிப்போரும், நீந்துவோரும் ஓய்வு நாட்களைக் கழிக்க அங்கே போகிறார்கள். வேகமான மோட்டார் படகின் பின்னே கயிற்றைப் பற்றிக்கொண்டு நீர்ச்சறுக்கு விளையாடுவோரும் ஒரு காலத்தில் ஏராளமாய்ப் போனார்கள். 2005-ம் ஆண்டு மார்ச் மாதம் 29-ந் தேதியோடு அந்த விளையாட்டு அங்கே நின்றது. மணிக்கு 10 மைலுக்கு மேல் படகுகள் போகலாகாது என்ற விதி அன்று அமலுக்கு வந்தது.

இந்த ஒரு விதிக்காக அவர்கள் பத்து வருஷத்துக்கு மேல் வழக்காடினார்கள். 1994, 1995-ம் ஆண்டுகளில் பகிரங்க விசாரணை நடந்தது. 1996-ல் அரசாங்கம் விதியை ஏற்க மறுத்தது. பின்பு வந்த அரசாங்கம் 2000-ல் அதை ஒப்புக்கொண்டு, ஐந்து வருஷம் தவணையும் கொடுத்தது.

தூர தேசத்துப் படகுகளைப் பற்றிப் பங்குத் தாளில் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். அந்த வழக்கின் அடியில் கிடக்கும் கேள்வி நம் ஒவ்வொருவர் மனச்சாட்சியையும் தொடுகிறது. எல்லாருக்கும் பொதுவான ஓர் இடத்தில், ஒருவரையும் அடிக்காமலும், ஒருவர் பொருளையும் எடுக்காமலும், நான் என் இஷ்டப்படி சந்தோஷமாயிருந்தால் அதில் அநீதி உண்டா?

இல்லை என்று சொன்னவர்களின் நியாயங்களை முதலில் நேர்மையாய்க் கேட்போம். முதலாவது, ஏரி பொது. அதில் படகு விடும் உரிமை எல்லாருக்கும் உண்டு. துடுப்புக்காரனுக்குள்ள பாத்தியம் மோட்டார் படகுக்காரனுக்கும் உண்டு என்றார்கள். இரண்டாவது, கவனமில்லாமல் ஓட்டுகிறவனைத் தண்டியுங்கள், கவனமாய் ஓட்டுகிறவனைத் தடுப்பது நீதியல்ல என்றார்கள். மூன்றாவது, அமைதி வேண்டும் என்பது வசதியுள்ளவர்களின் ஆசை. அவர்கள் ஏரியைத் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றார்கள்.

முதல் நியாயத்தைப் பார்ப்போம். உரிமை இருவருக்கும் சமம் என்பது மெய்தான். ஆனால் அந்த உரிமையை அனுபவிக்கும் விதம் சமமல்ல. துடுப்புப் படகு போனால் மோட்டார் படகுக்காரன் ஒன்றையும் இழப்பதில்லை. மோட்டார் படகு சீறிப் பாய்ந்தாலோ, அதன் அலையில் துடுப்புப் படகு தத்தளிக்கிறது. நீந்துகிறவன் பயந்து கரையேறுகிறான். குழந்தையோடு வந்த தாய் அடுத்த முறை வருவதில்லை. ஒருவன் மற்றவனைப் போ என்று சொல்லவில்லை. ஆனாலும் மற்றவன் போய்விட்டான். இப்படிப் போனவர்களின் பெயர் எந்த விபத்துப் பதிவேட்டிலும் ஏறாது. அடி படவில்லை, ஆகையால் அநீதி இல்லை என்று கணக்குப் பார்க்கிறவன், பயந்து ஒதுங்கினவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது நியாயத்துக்கு அந்த ஏரியே ஒரு சாட்சி. 1930-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி ஸர் ஹென்றி ஸீக்ரேவ் என்பவர் வின்டர்மியரில் மணிக்கு 98 மைலுக்கு மேல் படகோட்டி உலக சாதனை நிலைநாட்டினார். அன்றைக்கே அவர் படகு கவிழ்ந்து உயிர் நீத்தார். நீரில் மிதந்த மரக்கட்டையில் படகு மோதியிருக்க வேண்டுமென்று கருதப்படுகிறது. அவரைவிடத் தேர்ந்தவர் அக்காலத்தில் அரிது. மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் படகு ஒரு விநாடியில் சுமார் 18 மீட்டர் தாண்டிவிடும். 10 மைல் வேகத்திலோ நாலரை மீட்டர்தான். வேகம் நாலு மடங்கானால் மோதலின் சக்தி 16 மடங்காகும். நீந்துகிறவனின் தலை மட்டுமே வெளியே தெரியும் நீர்ப்பரப்பில், நல்லெண்ணமும் கவனமும் இருந்தால் போதும் என்பது விவேகமல்ல.

மூன்றாவது நியாயத்தை எளிதில் தள்ள முடியாது. 1844-ல் அந்தப் பக்கத்துக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டபோது, அங்கே வாழ்ந்த கவி வேர்ட்ஸ்வர்த் பத்திரிகையில் எழுதி எதிர்த்தார். கூட்டமாய் வரும் எளிய ஜனங்கள் அந்த இடத்தின் அழகைச் சுவைக்கப் பழகாதவர்கள் என்பதும் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனாலும் 1847-ல் ரயில் வந்தது. எளியவர்களும் ஏரியைக் கண்டார்கள். அமைதியை நேசிப்பவனுக்குள்ளும் சுயநலம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதற்கு இது எச்சரிக்கை. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கவி தடுக்க விரும்பியது ஆட்களை. 2005-ம் ஆண்டு விதி தடுப்பது வேகத்தை. மோட்டார் படகுக்காரன் இன்றைக்கும் அந்த ஏரியில் போகலாம். மெதுவாய்ப் போக வேண்டும், அவ்வளவே.

மனிதர் இடும் சட்டம் பொது நன்மைக்காகப் புத்தி வகுக்கும் ஒழுங்கு என்று அர்ச். தோமாஸ் அக்வினாஸ் போதிக்கிறார். பிறனுக்குத் தீங்கு செய்யாதே என்பது இயற்கைச் சட்டம். அது எங்கும் ஒன்றே. அதை இந்த இடத்தில் எந்த அளவில் கைக்கொள்வது என்பதை அந்தந்த ஊர் அதிகாரம் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வினிபசாக்கி ஏரியிலும் இதே தர்க்கம் நடந்து, 2009-ல் சோதனையாகவும் 2010-ல் நிரந்தரமாகவும் விதி வந்தது. அங்கே எல்லை பகலில் 45 மைல், இரவில் 30 மைல். ஆகையால் 10 என்ற எண் மோயீசன் மலையிலிருந்து கொண்டுவந்ததல்ல. ஆனால் நியாயமாய் ஏற்பட்டபின் அது மனச்சாட்சியைக் கட்டும்.

தோற்றவர்களுக்கும் நீதி வேண்டும். நீர்ச்சறுக்குக் குடும்பங்களும், அவர்களை நம்பிப் பிழைத்த படகுத் துறைக்காரர்களும் மெய்யாகவே ஒன்றை இழந்தார்கள். சட்டத்தை மாற்றுவது நல்லதற்கேயானாலும், பழக்கத்தைக் குலைப்பதால் அதிலேயே ஒரு நஷ்டம் உண்டென்று அதே அர்ச். தோமாஸ் சொல்கிறார். ஐந்து வருஷத் தவணை கொடுத்தது அதனால் சரியே. வேகப் படகுச் சாதனை வாரத்தையும் அடியோடு ஒழிக்கவில்லை. அது பக்கத்திலுள்ள கானிஸ்டன் ஏரிக்கு மாறி, அந்த வாரத்துக்கு மட்டும் விலக்குப் பெற்று நடக்கிறது. ஒருவனைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தாலும் அவனை இகழ வேண்டியதில்லை.

ஆயினும் சட்டம் செய்யக்கூடியது கொஞ்சமே. மணிக்கு 10 மைலில் போய்க்கொண்டே அயலானை அலட்சியம் செய்யலாம். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், படைக்கப்பட்ட மாமிசத்தைத் தின்பது தன்னில் பாவமல்ல என்று ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அதனால் பலவீனமான ஒரு சகோதரன் இடறுவானானால் தாம் மாமிசத்தையே தொடுவதில்லை என்கிறார். உரிமை இல்லாததால் அவர் விடவில்லை; சகோதரன் இருந்ததால் விட்டார். இதுவே பிறசிநேகம்.

பிள்ளைகளே, பெற்றோரே, நம் வீடும் ஒரு பொது ஏரிதான். உரக்கப் பேசுகிறவர், சீக்கிரம் கோபப்படுகிறவர், எல்லாம் தம் வேகத்துக்கு நடக்க வேண்டுமென்கிறவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருப்பார். அவர் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் பாட்டி மூலையில் ஒதுங்கிவிடுகிறாள். இளையவன் வாய் திறப்பதில்லை. மருமகள் சமையலறையை விட்டு வருவதில்லை. வீட்டில் சண்டையில்லை, எல்லாரும் சமாதானமாயிருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொள்கிறார். இந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, நான் யாருக்குத் தீங்கு செய்தேன் என்பதோடு, என்னால் யார் ஒதுங்கிப் போனார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். பெயர் ஒன்று நினைவுக்கு வந்தால், அன்றைக்கே அவரண்டை போய் உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு