கரிக்கணக்கும் வினைக்கணக்கும்

கொழும்பு மாநகரில் ஸ்ரீமத் இராமநாதன் வீதி என்று வழங்கும் நெடுந்தெருவில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் இருக்கிறது. அதே வீதியில், வடக்கே சற்றுத் தள்ளி, இலங்கையின் சிகரெட் வியாபாரத்தை ஏறக்குறைய முழுவதும் தன் வசம் வைத்திருக்கும் சிலோன் டொபாக்கோ கம்பனியின் தலைமையகமும் இருக்கிறது. அக்கம்பனியின் பங்குகளில் நூற்றுக்கு 84, லண்டனில் தலைமையிடம் கொண்ட பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவுக்கு உரியவை. ஒரு குற்றத்துக்கு உரிய பிராயச்சித்தத்தை வேறொரு குற்றத்தின் பெயரால் செய்து முடித்துவிட முடியுமா என்பது, இவ்விரு கட்டடங்களையும் சேர்த்து எண்ணும்போதெல்லாம் என் உள்ளத்தில் எழும் வினா.

தாய்க் கம்பனி செய்திருக்கும் சங்கற்பம் சிறிதன்று. தன் ஆலைகளாலும் தான் வாங்கும் மின்சாரத்தாலும் வெளியேறும் கரியமில வாயுவை 2030-க்குள் ஈடுசெய்து சமநிலைக்குக் கொண்டுவருவதாகவும், வயலிலிருந்து கடை வரை நீளும் தொடர் முழுவதையும் 2050-க்குள் நிகரச் சுழியத்துக்குக் கொண்டுவருவதாகவும் அது அறிவித்திருக்கிறது. கிளைக் கம்பனிகளின் கணக்கும் அதில் அடக்கம். குறைக்க வேண்டிய புகை இருக்கவே இருக்கிறது. வர்ஜீனியாப் புகையிலையைப் பதப்படுத்துவோர் பச்சை இலைகளைக் கோல்களில் கோத்து மூடிய கொட்டகையில் தொங்கவிட்டு, அடுப்பின் வெப்பத்தைக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, ஏறக்குறைய ஒரு வாரம் இரவும் பகலும் தீ அணையாமல் காக்கிறார்கள். உலகின் பல பாகங்களில் அவ்வடுப்புக்கு இரையாவது காட்டு மரமே. இத்தொழிலின் பொருட்டு ஆண்டுதோறும் 60 கோடி மரங்கள் வீழ்கின்றன என்றும், 8.4 கோடி டன் கரியமில வாயு வானில் கலக்கிறது என்றும் உலகச் சுகாதார ஸ்தாபனம் 2022-இல் கணக்கிட்டுக் கூறியது. கடல் கடந்து வந்த இச்செடிக்கு நம்மவர் பெயரிட்டபோதே, பூவையும் காயையும் விட்டு, இலையோடு புகையைச் சேர்த்து வழங்கினார்கள் என்பது நினைக்கத்தக்கது.

ஆகவே விறகுக்குப் பதிலாக உமியை எரிப்பதும், வெட்டிய மரத்துக்கு ஈடாகக் கன்று நடுவதும், ஆலைக் கூரைமேல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதும் நற்செயல்களே. நட்டவன் யார் என்று விசாரித்தபின் மரம் நிழல் தருவதில்லை. அந்த நிழலின் புண்ணியம் நட்டவனைச் சேரட்டும். ஆனால் புண்ணியம் என்பது பாவத்தைக் கழித்து மிச்சம் காட்டும் பேரேடு அன்று. நல்வினையும் தீவினையும் தத்தம் பயனைத் தனித்தனியே தந்து தீரும் என்பதே நம் சித்தாந்தம். பிராயச்சித்தம் என்னும் விதிவிலக்கும், செய்த அக்குற்றத்தையே எண்ணி வருந்துதல், அதை நிறுத்துதல், இனிச் செய்யேன் என்று உறுதி கூறுதல் ஆகிய இவற்றின் மேல்தான் நிற்கிறது. பால் திருடியவன் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் தாகித்தவர் வாழ்த்துவர். பாலை இழந்தவனுக்கோ அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இலங்கை மக்களில் பெரும்பாலோர் போற்றும் பௌத்த தர்மத்தில், இல்லறத்தான் செய்யலாகாத ஐந்து வாணிபங்களைப் புத்தர் வகுத்துரைத்தார்: ஆயுதம், உயிர்கள், மாமிசம், போதைப்பொருள், விஷம். புகையிலை அக்காலத்தில் ஆசியாவில் இல்லை. எனினும், விடாமல் பயன்படுத்துவோரில் பாதிப்பேரைக் கொல்லக்கூடியதும், ஆண்டொன்றுக்கு 70 லட்சத்துக்கு மேற்பட்டோரின் மரணத்துக்குக் காரணமாவதுமான ஒரு பண்டம் அந்த ஐந்தில் எதைச் சேரும் என்று கேட்டு நெடுநேரம் தயங்க வேண்டியதில்லை.

இதனினும் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது ஜைன சமயத்தின் பட்டியல். இல்லறத்தானாகிய சிராவகன் விலக்க வேண்டியவை என்று அங்கே பதினைந்து தொழில்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் முதலாவது அங்கார கர்மம், அதாவது தீமூட்டிக் கரியும் சூளையும் கொண்டு பிழைப்பது. இரண்டாவது வன கர்மம், காட்டை வெட்டிப் பிழைப்பது. அதே வரிசையில் விஷ வாணிஜ்யமும் உண்டு. கரியமில வாயுவை எவரும் அளந்திராத காலத்தில் கரியையும் காட்டையும் விஷத்தையும் ஒரே மூச்சில் சொன்ன அம்முனிவர்களுக்குப் புகையிலைக் கொட்டகையின் வாயிலில் நின்று பார்க்கும் வாய்ப்பு இருந்ததில்லை. ஆயினும் அம்மூன்றும் அங்கே ஒரே கூரையின்கீழ் கூடியிருக்கின்றன. கம்பனியின் காலநிலைச் சங்கற்பம் முதலிரண்டு வாயில்களையும் அடைக்க முற்படுகிறது. அவை செம்மையாக அடைபட அடைபட மூன்றாவது வாயில் கண்ணியமுள்ளதாகத் தோற்றமளிக்கிறது என்பதே என் கவலை. டன் கணக்கில் எழுதப்படும் அந்த ஏட்டில், புற்றுநோயால் தந்தையை இழந்த வீட்டுக்கென ஒரு பத்தி இல்லை.

ஒரே நாளில் யாரால் துறக்க முடியும் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. இல்லறத்தாருக்கு ஜைனர் விதித்தது மகாவிரதமன்று, அணுவிரதமே. சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்வதும் விரதம்தான் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கொல்லாமை பூண்டவன் கொலையில் குறைக்கிறான். பொய்யாமை பூண்டவன் பொய்யில் குறைக்கிறான். அவ்வகையில் பார்த்தால், 2035-க்குள் தன் வருமானத்தில் பாதியேனும் எரியாத பண்டங்களிலிருந்து வரவேண்டும் என்று அதே தாய்க் கம்பனி குறித்துக்கொண்டது, அப்பண்டங்களிலும் நிகோடின் உண்டு என்றாலும், கரிக் கணக்கைவிட விரதத்துக்குச் சற்று அருகில் வருகிறது. மற்றப் பாதிக்கு அந்த அறிவிப்பில் ஆண்டு குறிக்கப்படவில்லை.